கால் வைக்க ஒரு வீடு

பார்சல் கிளார்க் தெய்வசிகாமணி, ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று தான் கட்டிய பொம்மை ரயில் பலகைக்கு அடியில் குனிந்து, நாலு எட்டு தவழ்ந்து, வெளிப்பக்கம் வந்து நிமிர்ந்தபோது உள்பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஏதோ யோசனையில் திரும்பிவிட்டோம் போலிருக்கிறது என்று மறுபடி குனிந்தார், மறுபடியும் உள்ளேதான் நிமிர்ந்தார். ஏழு தடவை குனிந்து ஏழு தடவை நிமிர்ந்து முழங்கால் இரண்டும் சிராய்த்த பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கூட்ஸ் ஷெட்டுக்குக் கூரை ஒட்ட ஆரம்பித்தார். எங்கள் நாரணமங்கலம் ஜங்ஷனில் எந்த வண்டியும் நேரத்துக்குக் கிளம்பிப் பழக்கமில்லை, அதனால் தாமதத்தைக் கண்டு பதறுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரயில்வே காலனியில் ஆடுவாரில்லாமல் பூட்டிக் கிடந்த கேரம் ஹாலின் நடுவில், இடுப்பு உயரத்தில், நாலு பக்கமும் மூன்றடி அகலத்துக்குப் பலகை அடித்து, நடுவில் ஒரு ஆள் நின்று திரும்பும் அளவுக்கு மட்டும் குழி மாதிரி இடம் விட்டிருந்தார். குழிக்குள் நின்றால் எந்தப் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் கை எட்டும். உள்ளே போகவும் வரவும் பலகைக்கு அடியில் குனிந்துதான் ஆக வேண்டும். ஸ்டேஷன், சிக்னல் கேபின், தண்ணீர்த் தொட்டி எல்லாமே அட்டையில் அவர் கையால் வெட்டி ஒட்டியவை. கம்ப்யூட்டர் வந்த பிறகு யாருக்கும் வேண்டாமல் போன பழைய அட்டை டிக்கெட்டுகள் சாக்குச் சாக்காக அவரிடம் இருந்தன, சுவரெல்லாம் அந்த டிக்கெட்டுகள்தான். சட்டைப் பெட்டி அட்டையில் கூரை, சேலைப் பெட்டியின் கண்ணாடித் தாளில் ஜன்னல், விளக்குமாற்றுக் குச்சியில் ஜன்னல் கம்பி, மனைவியின் கண்மையைத் தொட்டு எஞ்சின் புகை படிந்த கறை. அவர் கட்டிய ஸ்டேஷனை உற்றுப் பார்த்தால், நிஜ ஸ்டேஷனில் இருக்கும் வெற்றிலைத் துப்பல் மட்டும்தான் குறையாகத் தெரியும்.

மணி ரெண்டாகியும் ஆளைக் காணோமே என்று அவர் மனைவி செண்பகவடிவு ஹாலுக்கு வந்தாள்.

"கூப்பாடு போட்டாத்தான் சாப்பிட வருவீங்களோ?"

"வர முடியலயே வடிவு."

"ஏன், காலு மரத்துப் போச்சா?"

"காலு நல்லாத்தான் இருக்கு. குனிஞ்சு வெளிய வந்தா, உள்ளதான் வருது."

அவள் கண்ணெதிரே ஒரு தடவை செய்தும் காட்டினார். வடிவு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள், பிறகு வீட்டுக்குப் போய்ச் சோற்றையும் புளிக்குழம்பையும் தட்டில் போட்டு எடுத்துவந்து, ஸ்டேஷன் கூரைக்கு மேலாக எட்டி நீட்டினாள். இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷன் எங்கேயாவது ஒரு மூலையில் கத்தியும் பசையுமாக உட்கார்ந்திருப்பார், அவள் சோற்றை எடுத்துக்கொண்டு போவாள், அதனால் புதிதாக எதுவும் நடந்துவிட்டதாக முதல் நாள் அவளுக்கே தோன்றவில்லை.

ஆனால் நாங்கள் சும்மா இருப்போமா? காலனியே திரண்டது. கூட்ஸ் கார்டு அருளானந்தம் ஒரு வடக்கயிற்றைக் கொண்டுவந்து தெய்வசிகாமணியின் இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்ட, அவர் குனிய, நாங்கள் எட்டுப் பேர் வெளியே நின்று இழுத்தோம். கயிறு வந்தது, மூன்று முடிச்சும் அவிழாமல் வந்தது, அவருடைய இடுப்பளவு வட்டமும் அப்படியே வந்தது, அவர் மட்டும் உள்ளே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தச்சரைக் கூப்பிட்டு ரம்பத்தை வைத்தோம், ரெண்டு இழுப்பில் பலகை அதிர்ந்து கேபினின் மாடிப்படி உதிர்ந்தது, தெய்வசிகாமணி ஐயோ என்று கத்திய கத்தலில் தச்சர் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. "மேல ஏறித் தாண்டி வாங்களேன் அண்ணாச்சி" என்றார் அருளானந்தம். அது நியாயமான பேச்சு. அப்போது மேற்குப் பக்கத்தில் மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டுத் தூவிய வெறும் மைதானம் இருந்தது, தாராளமாகக் காலை ஊன்றித் தாண்டலாம். தெய்வசிகாமணி அதைப் பார்த்துவிட்டு, பலகை தன் கனம் தாங்குமோ தாங்காதோ, அடியில் ரெண்டு முட்டுக் கொடுத்துவிட்டு நாளைக்குத் தாண்டுகிறேன் என்றார். அவர் முகத்தில் அவசரம் இல்லை என்பதை நாங்கள் பார்த்தோம். பார்த்தும் பேசாமல் கலைந்தோம்.

ஆபீசிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பலகையைச் சுற்றி மூன்று வட்டம் நடந்தார். உத்தரவில்லாமல் ஊரை விட்டுப் போன ஊழியர் மேல்தான் நடவடிக்கை எடுக்க முடியும், இவர் ஓர் அடிகூட நகராதவர், எனவே இவரை விட ஒழுங்கான ஊழியர் இந்த டிவிஷனிலேயே கிடையாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து பார்சல் ஆபீஸ் காகிதங்கள் ஹாலுக்கு வந்தன. தெய்வசிகாமணி பத்து மணிக்குள் அவற்றை முடித்துவிட்டுக் கத்தியை எடுத்துவிடுவார்.

அருளானந்தத்தின் மனைவி ரோசலின்தான் ஆரம்பித்துவைத்தாள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆரம்பித்தது அவள்தான், ஆனால் மறுநாள் வரிசையில் நின்றது யார்?

"அண்ணாச்சி, சும்மாதான இருக்கீங்க. எங்க குவார்ட்டர்ஸையும் ஒண்ணு கட்டி அந்த மைதானத்துல வையுங்களேன்" என்றாள் ரோசலின். "கக்கூஸ் மட்டும் வீட்டுக்குள்ளயே வச்சிருங்க. இருவது வருசமா எழுதிப் போட்டாச்சு, ஒரு பய எட்டிப் பாக்கல."

தெய்வசிகாமணி அன்று சாயங்காலத்துக்குள் கட்டிவிட்டார். உள்ளே கக்கூஸ், அதற்கு ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குக் கம்பி. ரோசலின் குனிந்து அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நாள் காலனிச் சங்கச் செயலாளர் முத்துக்கறுப்பன் ஒழுகாத கூரை கேட்டார். அவருக்குப் பின்னால் ஒருத்தி அடுப்படிக்கு நேரே ஜன்னல் கேட்டாள், ஒருத்தர் மாமியாருக்குத் தனி அறை கேட்டார், ஒருவர் வாசலில் மாமரம் கேட்டார், நான் மாடியில்லாத எங்கள் வீட்டுக்கு ஒரு மாடியும் அந்த மாடிக்கு ஒரு பால்கனியும் கேட்டேன். எந்த எஞ்சினியரும் எங்களுக்குத் தராத எதையும் தெய்வசிகாமணி மாட்டேன் என்று சொல்லவில்லை. மனுவை வாங்கி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "எத்தனை ஜன்னல்?" என்பார். ஐம்பத்தி நாலு வயதில் முதல் தடவையாக ஊர் அவரை ஐயா என்று கூப்பிட்டது, அது அவருக்குப் பிடித்திருந்தது.

இப்படித்தான் நாங்கள் தினமும் சாயங்காலம் ஹாலுக்குப் போய் அவரவர் வீட்டுக்கு முன்னால் நின்று பார்க்க ஆரம்பித்தோம். நிஜ வீட்டில் மழைக்குப் பாத்திரம் வைத்துவிட்டு வந்து, அட்டை வீட்டின் கூரையைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுவோம். தூசி தட்ட ஆளுக்கொரு மயிலிறகு வைத்துக்கொண்டோம். ஊசி முனையில் அரிசி மாவைத் தொட்டு வாசலில் கோலம் போடுகிறவர்கள் இருந்தார்கள். தீக்குச்சி வேலி அரை அங்குலம் தள்ளிப்போனதற்காக முப்பது வருஷம் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகிய ரெண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. கார்த்திகை மாதம் முடிவதற்குள் மைதானம் போய்விட்டது, தெருவும் நெருங்கிவிட்டது, பலகையில் விரல் வைக்கக்கூட இடமில்லாமல் நாற்பத்தியொரு வீடு நின்றது. தாண்ட வேண்டும் என்றால் யாருடைய வீட்டையாவது மிதித்துத்தான் தாண்ட வேண்டும்.

அதைப் பற்றி எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. வடிவு மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏனென்றால் மாட்டிக்கொண்டிருந்தது அவள்தான். காலையில் காப்பி, பிறகு இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் காப்பி, ராத்திரி தோசை என்று நாளைக்கு ஐந்து நடை. குளிக்கத் தண்ணீர் ரெண்டு வாளி, அதை எட்டி நீட்டி எட்டி வாங்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டாலும் எல்லோரும் கேட்கிற அந்த விஷயத்துக்கு மூடி போட்ட ஒரு வாளியும் சேலைத் திரையும் இருந்தன, அந்த வாளியைச் சுமந்ததும் அவள்தான். நடுநடுவே பசை காய்ந்துவிட்டது என்பார், பிளேடு மழுங்கிவிட்டது என்பார், "வடிவு" என்பார். "வடிவு" என்ற குரல் கேட்காமல் அவளால் ஒரு துணியைப் பிழிந்து உலர்த்த முடியவில்லை. நாங்களோ அவளைப் பார்க்கும்போதெல்லாம் புண்ணியவதி என்றோம். சொல்லிச் சொல்லி ஆசை அடங்காமல், தனியாக நிற்கிற மனுஷனுக்குத் துணையாக நீயும் உள்ளே போய்விட்டால் என்ன என்றுகூட ஒருநாள் ரோசலின் கேட்டுவிட்டாள். பலகைக்குள் போகிற பாதையில் எந்தத் தடையும் கிடையாது, வருகிற பாதைதான் இல்லை.

"போறேன்" என்றாள் வடிவு. "நானும் உள்ள போயிட்டா, ரெண்டு பேருக்கும் சோறு யாரு கொண்டாருவா? நீ வாரியாக்கா?"

ரோசலின் மயிலிறகை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

மார்கழி பிறந்த அன்று ரோசலின் வீட்டுக்கு ஹூப்ளியிலிருந்து போன் வந்தது. வடிவின் ஒரே மகள் சங்கரி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அழைத்துவர வேண்டியவளை டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், மாமியார் இல்லாத வீடு. "நீ வந்துரும்மா. எனக்குப் பயமா இருக்கு. அப்பாவையும் கூட்டிட்டு வா" என்று அழுதாள் சங்கரி. டாக்டர் சொன்ன கணக்கில் தை பத்தாம் தேதி. வடிவு அன்றே ஹாலுக்கு வந்து நேராகச் சொன்னாள்.

"புள்ள தனியா கெடக்கா. நாளைக்கி வண்டிக்குப் போகணும். தாண்டி வாங்க."

தெய்வசிகாமணி நாலு பக்கமும் பார்த்தார். "யாரு வீட்டுல கால வைக்கதுன்னு நீயே சொல்லு. வாக்குக் குடுத்துக் கட்டுன வீடுல்லா."

காலனிச் சங்கக் கூட்டம் போட்டோம். ஒரு வீடு போனால் ஒரு மனுஷன் வெளியே வருவான், அவன் மகளைப் போய்ப் பார்ப்பான், இதில் பேச என்ன இருக்கிறது என்று செயலாளர் முத்துக்கறுப்பன் அழகாகப் பேசினார், பேசி முடித்துவிட்டு, தன்னுடையது மூலை வீடு, அங்கே கால் எட்டாது என்றார். ரோசலின் தன் வீட்டில் கக்கூஸ் இருக்கிறது, அதை மிதிப்பது மரியாதையில்லை என்றாள். நான் மாடி வீடு வழுக்கும் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூட்டம் ஐந்து நாள் நடந்தது. சங்கரி தினமும் போன் பண்ணினாள்.

ஆறாம் நாள் வடிவு எழுந்து நின்றாள். "ஒருத்தர் வீடும் வேண்டாம். எனக்கு ஒரு வீடு கட்டுங்க. அத மிதிச்சிட்டு வாங்க."

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது, நாற்பத்தியொரு வீட்டில் அவர்களுடைய வீடு இல்லை. அவரும் கட்டவில்லை, அவளும் கேட்டதில்லை. தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. பலகையில் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பொம்மை வேப்பமரத்தைப் பிடுங்கி இடம் பண்ணிக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகி, "எத்தனை ஜன்னல்?" என்று கேட்டார்.

"ஜன்னல் உங்க இஷ்டம். வாசல் மட்டும் ஸ்டேஷனப் பாத்து இருக்கணும்."

மற்றவர்கள் வீட்டை ஒரு நாளில் கட்டியவர் இந்த வீட்டுக்கு எட்டு நாள் எடுத்துக்கொண்டார். நல்ல டிக்கெட்டாகப் பொறுக்கியெடுத்து, ஓட்டுக் கூரையை ஓடு ஓடாக ஒட்டி, அடுப்படியில் கடுகளவு அம்மிக்கல் வைத்து, உலர்த்தும் கொடியில் அவளுடைய அரக்குச் சேலையை நூலளவுக்குத் தொங்கவிட்டார். அவர் கையிலிருந்து அப்படி ஒரு வீடு அதற்கு முன்னால் வந்ததில்லை. நாங்களெல்லாம் பெருமூச்சு விட்டோம். எட்டாம் நாள் சாயங்காலம் வடிவு வந்து, வெளிப்பக்கத்தில் தான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று பார்த்தாள். அவள் பார்த்த பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல் நிற அட்டை, ஒரு கோடுகூடக் கிழிக்காதது. அட்டை வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பார்க்கிறவன் நிற்காத பக்கத்துக்கு வேலை செய்ய மாட்டார்கள். எங்கள் வீடுகளை நாங்கள் வெளியே நின்று பார்ப்போம் என்று அவருக்குத் தெரியும், அதனால் எங்களுக்கு வெளிப்பக்கமும் செய்திருந்தார். இந்த வீட்டைப் பார்க்கப்போவது தான் மட்டும்தான் என்று நினைத்தார் போலிருக்கிறது, தான் நின்ற உள்பக்கத்துக்கு மட்டும் வேலை செய்திருந்தார்.

"வாசல் எங்க?" என்றாள் வடிவு.

"இங்கிட்டு இருக்கு. என்னப் பாத்து. அங்கிட்டு வச்சா நீ போறதும் வாரதும் எனக்குத் தெரியாதுல்லா."

அவர் அதை ஆசையாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. வடிவு வலது உள்ளங்கையைக் கூரை மேல் வைத்து, சப்பாத்தி மாவை அமுக்குவது போல, நிதானமாக அமுக்கினாள். ஓடு, அம்மி, கொடி, சேலை எல்லாம் பலகையோடு பலகையாகப் படிந்தன.

"இப்ப காலை வைங்க" என்றாள்.

தெய்வசிகாமணி அந்தத் தட்டையான அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. அவர் கை தானாகப் போய் இடுக்கியை எடுத்தது, நசுங்கிய சுவரின் ஒரு மூலையை மெல்லத் தூக்கி நிமிர்த்தியது.

வடிவு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் வைத்திருந்த பையை எடுத்தாள். அப்போதுதான் அவருக்குச் சுரீர் என்றது.

"வடிவு, சாப்பாடு?"

"நாப்பத்தோரு வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க. ஒரு வீட்டுலயாவது சோறு இருக்கும்."

போய்விட்டாள். போகும்போது எங்கள் பக்கமும் திரும்பவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து மூன்று மணி நேரம் தன்னை யாருமே கூப்பிடவில்லை என்பதை உணர்ந்தபோது ஓவென்று அழுதுவிட்டதாகவும், எதிர் சீட்டில் இருந்த ஒருத்தி, இவள் ஏதோ சாவுக்குப் போகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்ததாகவும் பிறகு ரோசலினிடம் சொன்னாளாம்.

நாங்கள் முறை வைத்துச் சோறு கொண்டுபோனோம். வாளிக்கும் முறை வைத்தோம், அதில் தினமும் சண்டை. தெய்வசிகாமணி போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, ராவும் பகலும் அந்த வீட்டையே சரி செய்துகொண்டிருந்தார். யாரிடமும் மனு வாங்கவில்லை. ஒருநாள் நான் பார்த்தபோது சாம்பல் சுவரில் ஸ்டேஷனைப் பார்த்து வாசல் வெட்டிக்கொண்டிருந்தார், இன்னொரு நாள் அதற்கு ரெண்டு படியும் வைத்திருந்தார். வடிவு என்று வாய் தவறிக் கூப்பிடுவார், கூப்பிட்டுவிட்டு எங்களைப் பார்த்து அசடு வழிவார்.

தை பதினொன்றாம் தேதி சாயங்காலம், நாங்கள் எல்லோரும் வழக்கம்போல அவரவர் வீட்டுக்கு முன்னால் நின்றிருந்தபோது, ரோசலின் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

அவர் இடுக்கியைக் கீழே போட்டார். ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். "வேற என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"வந்து பாக்கச் சொன்னா. அவ்வளவுதான் சொன்னா, வச்சிட்டா."

தெய்வசிகாமணி ஸ்டூலின் மேல் ஏறி நின்றார். ஆறு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவர் தலை எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே தெரிந்தது. ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் பலகைக்கு மேலே வந்த அந்த நொடியில், ஒருவரும் ஒருவருக்கும் சொல்லாமல், நாற்பத்தியொரு கை நீண்டு நாற்பத்தியொரு கூரை மேல் குடை மாதிரி கவிந்தது. முத்துக்கறுப்பனின் கை, பேத்தி பிறந்த சேதியை இப்போதுதான் மூச்சிரைக்கச் சொன்ன ரோசலினின் கை. என் கை பால்கனி மேல் இருந்தது. எப்போது நீட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அவர் ஒற்றைக் காலில் நின்றபடி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கூரை மட்டும் திறந்து கிடந்தது. புது வாசல், ரெண்டு படி, திரும்ப நிமிர்த்திக் கட்டிய கொடி. இருபத்தாறு நாள் வேலை. கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் காலை வைத்தார்.

பலகை தாங்கியது. அட்டை நொறுங்கியது பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் மறு காலைத் தூக்கி வீசி இந்தப் பக்கம் விழுந்தார், ஆறு மாதமாக நாலு எட்டுக்கு மேல் நடக்காத கால் மடங்கியது, பக்கவாட்டில் சாய்ந்து எங்கள் நடுவே தடுமாறினார். பிடித்து நிறுத்த எங்களில் ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

சுவரைப் பிடித்து அவரே எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஐந்து நாற்பது பாசஞ்சரைப் பிடிக்க நொண்டிக்கொண்டே போனார். வண்டி கிளம்பின விசில் கேட்டது. நாங்கள் அப்படியே நின்றோம்.